“போனில் எந்நேரமும் என்ன சார் பார்க்கிறீர்கள்?” – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறையில் 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்யாணப் பந்தியில், டீக்கடை பெஞ்சில், ரயிலடியில், சம்பந்தி வீட்டில் என்று எங்கே போனாலும் என் போனைப் பற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதிவிட்டேன்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பழைய சொற்கள், மழை, பறவை, ராத்திரி வானம், எண்கள். இந்த ஐந்துக்கும் ஆளுக்கொரு தளம், சிலதுக்கு இரண்டு. போன் வருவதற்கு முன்பும் நான் இந்த ஐந்தோடுதான் திரிந்தேன். அப்போது ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க நூலகத்துக்கு சைக்கிள் மிதிக்க வேண்டும். போனால் அன்றைக்கென்று நூலகம் பூட்டியிருக்கும்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

அகராதியைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அப்புறம் ஓர் அனுபந்தம். மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். 1926ல் பதிப்பாசிரியராக வந்த வையாபுரிப் பிள்ளை அதை முடித்துக் கொடுத்தார். அந்த அகராதி முழுவதையும் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1862ல் வந்த வின்சுலோ அகராதியும் பக்கத்திலேயே உண்டு. தமிழிலேயே தட்டச்சு செய்து தேடலாம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு பத்திரத்தால். தாத்தா காலத்து நிலப் பத்திரத்தை வெயிலில் காயவைத்தபோது, நான்கெல்லையில் ‘கண்ணாறு’ என்று ஒரு சொல் இருந்தது. அப்பா அதை ஏதோ வற்றிப்போன ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரகராதியில் போட்டேன். பாசன வாய்க்கால் என்று பொருள் வந்தது. பிறகுதான் உறைத்தது: சோழர் கல்வெட்டுகளில் ஒரு வயலுக்கு முகவரி சொல்வதே இப்படித்தான். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு. வதி என்பதும் ஒரு வாய்க்கால்தான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிய சொல் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. நாங்கள் அதை ஆறு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து தினம் ஒரு சொல். பொருளோடு ‘யாழ்ப்பாண வழக்கு’, ‘உள்ளூர் வழக்கு’ என்கிற மாதிரி குறிப்புகளும் வரும். அவற்றை விடாமல் படியுங்கள், சுவையே அதில்தான். ஆங்கிலப் பொருளை வைத்துத் தலைகீழாகவும் தேடலாம். மழை என்பதற்கு ஆங்கிலச் சொல்லைப் போட்டுப் பாருங்கள்; நம்மவர்கள் மழையை எத்தனை விதமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

பழைய நூல்கள் இலவசமாக எங்கே கிடைக்கும்?

மதுரைத் திட்டம் என்று தேடுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்து, சம்பளம் இல்லாமல், தட்டச்சு செய்து கொடுத்தார்கள். யூனிகோடு பரவாத காலம் அது. எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் தமிழே தெரியும். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர் இருக்கும். நான் அதைப் படிக்காமல் நூலுக்குள் போவதில்லை.

அங்கே நூல்களின் வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. ஆனால் யாருக்காவது இந்தத் தளத்தைக் காட்டும்போது நான் குறளைத் திறந்து காட்டுவதில்லை, அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. முக்கூடற் பள்ளைத் திறந்து கொடுப்பேன். அதில் மலையாளத்துத் திசையிலும் ஈழத்துத் திசையிலும் மின்னினால் நாளைக்கு ஆற்றில் வெள்ளம் என்று குறி பார்க்கிற பாட்டு வரும். நெல் பெயர்களும் மாட்டுப் பெயர்களும் வரிசையாக வரும். என் தம்பி விவசாயி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பாட்டு என்று எதையும் படித்தவனில்லை. அந்த மாட்டுப் பெயர்களில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டான்.

இலங்கைத் தமிழ் நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற தளம். 2005ல் தொடங்கியது. 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் போயின. அதன் பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போட மனம் வராது போலிருக்கிறது. புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஒருவர் இறந்து 31ஆம் நாளில் வீட்டார் அச்சிட்டுக் கொடுக்கிற நினைவு மலர் வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த நினைவு மலருக்கு அங்கே ‘கல்வெட்டு’ என்றே பெயர். ஒரு சாதாரண தபால்காரரின் வாழ்க்கையும் அவர் வீட்டு வம்சாவளியும் அப்படிப்பட்ட ஒரு மெல்லிய புத்தகத்துக்குள் இருக்கும். நான் அதைத்தான் அதிகம் படிக்கிறேன்.

மழை வருமா என்று கேட்டால் எப்படிச் சரியாகச் சொல்கிறீர்கள்?

எப்போதும் சரியாகச் சொல்வதில்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

‘நல்ஸ்கூல்’ என்று ஒரு காற்று வரைபடம் இருக்கிறது. 2013ல் ஒரே ஒரு ஆள் உருவாக்கியது. கறுப்பு உருண்டை, அதன் மேல் காற்று மெல்லிய கோடுகளாக ஓடிக்கொண்டே இருக்கும். விரலால் உருண்டையைச் சுற்றி வங்கக்கடலுக்கு வந்துவிட வேண்டியது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே கோடுகள் இடஞ்சுழியாகச் சுருள ஆரம்பித்தால் தாழ்வழுத்தம். பூமியின் தென்பாதியில் இதே சுழல் வலஞ்சுழியாக இருக்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருவலஞ்சுழி ஞாபகம் வரும் எனக்கு.

ஆனால் ஒன்று. அது கணினி போட்ட கணிப்பு, வானத்தைப் பார்த்து எடுத்த படம் இல்லை. இந்த நிமிடம் மேகம் எங்கே நிற்கிறது என்று தெரிய, சென்னை வானிலை மையத்தின் தளத்தில் ரேடார் படம் பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்குக் காரைக்கால் ரேடார் கிட்டே. பச்சை என்றால் தூறல், மஞ்சள், சிவப்பு என்று போகப் போகக் கனமழை. பள்ளில் வருகிற மின்னல் குறியும் காற்று வரைபடமும் ரேடாரும் எனக்கு ஒரே வேலையின் மூன்று கருவிகள்.

சரி, அந்தக் கதை. ஒரு குறுவை அறுவடை. மதியம் இரண்டு மணிக்குத் தம்பி போன் செய்தான், “அண்ணே, நெல்லை ரோட்டில் காயப் போடலாமா?” ரேடாரைத் திறந்தேன். எங்கள் மேற்கே சிவப்பாகத் திட்டு. படத்தின் மூலையில் நேரம் 8.30 என்று இருந்தது. ஓ, இது காலைப் படம், அந்த மேகம் இந்நேரம் கரைந்திருக்கும் என்று நினைத்து, “போடு” என்றேன். அந்த 8.30 உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டினால் சரியாக மதியம் இரண்டு. கணக்கு வாத்தியார் ஒரு கூட்டல் போடாததால் தம்பியின் நெல் நனைந்தது. இப்போதும் ரேடார் படத்தை யாருக்கு அனுப்பினாலும் கீழே ‘+5.30’ என்று சேர்த்துத்தான் அனுப்புகிறேன்.

மொட்டை மாடியில் பேத்தியோடு என்ன பார்க்கிறீர்கள்?

சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் போவதை. ‘ஹெவன்ஸ் அபவ்’ என்ற தளத்தில் ஊரைக் குறித்துக் கொடுத்தால், எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எழும்பும், எவ்வளவு உயரம் வரும் என்று விநாடிச் சுத்தமாகச் சொல்லும். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. விமானம் மாதிரி கண் சிமிட்டாது. ஒரே வெளிச்சமாக வழுக்கிக்கொண்டு போய், பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் பாதி வானத்திலேயே அணைந்துவிடும். முதல் தடவை பேத்தி, “யார் தாத்தா ஆஃப் பண்ணினது?” என்றாள்.

இன்னொன்று, நாசாவின் ‘தினம் ஒரு வான்படம்’. 1995 ஜூன் 16லிருந்து நாளுக்கு ஒரு படம் போடுகிறார்கள். பக்கத்தின் தோற்றம் அன்றிலிருந்து பெரிதாக மாறவே இல்லை, எனக்கு அதுவே பிடிக்கும். யாருக்காவது இதை அறிமுகப்படுத்த வேண்டுமானால் அவர்கள் குழந்தை பிறந்த தேதியின் படத்தை எடுத்து அனுப்புங்கள். தளத்தின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். அவர்களே கேட்பார்கள்.

பறவைச் சத்தமும் உங்கள் போனில்தான் கேட்கிறதாமே?

ஆமாம், ‘ஜீனோ கான்டோ’. 2005ல் தொடங்கிய நெதர்லாந்துத் தளம், உலகம் முழுக்க உள்ளவர்கள் பறவைக் குரலைப் பதிந்து ஏற்றுகிறார்கள். எங்கள் தெரு அரசமரத்தில் பித்தளைப் பாத்திரம் தட்டுகிற மாதிரி மணிக்கணக்காக ஒரு சத்தம் வரும். எந்தப் பட்டறை என்று தேடியிருக்கிறேன். குக்குறுவான் என்று இந்தத் தளத்தில் கேட்டுத்தான் உறுதிப்படுத்திக்கொண்டேன். பார்த்ததைப் பதிவு செய்ய ‘ஈபேர்ட்’ உண்டு, பொங்கல் சமயத்தில் தமிழ்நாட்டில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பும் அதில்தான். ஒரு எச்சரிக்கை: பறவைக்குப் பக்கத்தில் நின்று அதன் குரலை ஒலிக்க விடாதீர்கள். வேறு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டதென்று அது தவித்துப்போகும்.

எண்களுக்கு என்று ஒரு தளமா? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இதைக் கேட்கிறவர்களுக்கு நான் கோலத்தில் ஆரம்பிப்பேன்.

மார்கழியில் என் மனைவி 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி வைத்துக் கோலம் போடுவாள். அதாவது நடு வரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் நிற்கும். மொத்தம் எத்தனை புள்ளி என்று ஒருநாள் எண்ணினேன். 169. சின்னக் கோலங்களையும் எண்ணினேன். மூன்றிலிருந்து இரண்டு வரை என்றால் 7. ஐந்திலிருந்து மூன்று வரை என்றால் 19. ஏழிலிருந்து நான்கு வரை என்றால் 37.

‘முழு எண் தொடர்களின் இணையக் களஞ்சியம்’ என்று ஒன்று இருக்கிறது. நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர் 1964ல், ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, எண் தொடர்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். பிறகு புத்தகமாயிற்று, 1996ல் இணையத்துக்கு வந்தது. இன்று மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தொடர்கள். நான்கைந்து எண்ணைக் கொடுத்தால், இது எந்தத் தொடர், அடுத்து என்ன, யாரெல்லாம் இதைத் தொட்டிருக்கிறார்கள் என்று எடுத்துப் போடும்.

1, 7, 19, 37 என்று போட்டேன். வந்துவிட்டது: மையமுள்ள அறுகோண எண்கள். 61, 91, 127, அப்புறம் எங்கள் வாசலில் இருந்த அதே 169. அதோடு விடவில்லை. இந்த எண்களை முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் கன எண்கள் வரும் என்று இருந்தது. ஒன்றும் ஏழும் எட்டு. அதோடு 19 சேர்த்தால் 27. இன்னும் 37 சேர்த்தால் 64. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அதாவது ஒரு புள்ளியில் தொடங்கி இந்த எட்டுக் கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், மொத்தப் புள்ளி 512, எட்டின் கனம். மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள், “எட்டுக் கோலம் போட நம் வாசல் போதுமா?”

31 வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை பெண் பிள்ளைகளுக்குக் கணக்கைப் பிடிக்க வைத்திருக்கலாம்.

பையன்களுக்கு வேறு கதவு. 1729 என்று போடச் சொல்வேன். ராமானுஜனின் எண். 1ன் கனத்தோடு 12ன் கனத்தைக் கூட்டினாலும் 1729, 9ன் கனத்தோடு 10ன் கனத்தைக் கூட்டினாலும் 1729. இது பாடப்புத்தகத்திலேயே உண்டு. இப்படி இரண்டு விதமாக வருகிற அடுத்த எண் எது என்று கேட்டால் முழிப்பார்கள். 4104. தளத்தில் அது 1729க்குப் பக்கத்திலேயே நிற்கும்.

இதையெல்லாம் ஒரே பட்டியலாக அனுப்பினால் என்ன?

அனுப்பினேனே. ஓய்வு பெற்ற புதிதில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 40 லிங்க் ஒரே செய்தியில் போட்டேன். மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். சித்தப்பா ஒரு ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் அனுப்பினார். ஒருத்தரும் திறக்கவில்லை. அடுத்த வாரம் மைத்துனியிடம் காபி குடித்துக்கொண்டே காற்று வரைபடத்தைக் காட்டினேன். இப்போது அவள் எனக்கு முன்னால் புயல் சேதி சொல்கிறாள்.

அதனால் என் பழக்கம் இப்படி ஆகிவிட்டது: ஒரு ஆளுக்கு ஒரு தளம். அதிலும் முகப்புப் பக்கத்தைக் காட்டுவதில்லை. கோயிலுக்குக் கூட்டிப் போகிறவன் ராஜகோபுரத்தடியில் விட்டுவிட்டு வருவானா? நேராக உள்ளே, அந்த ஆளுக்குப் பிடிக்கிற சிற்பத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தம்பிக்கு மாட்டுப் பெயர், பேத்திக்கு அவள் பிறந்த நாள் வானம்.

பட்டியலே போடக் கூடாது என்று சொல்லவில்லை. யாஹூ அப்படித்தான் பிறந்தது. 1994ல் ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தங்களுக்குப் பிடித்த தளங்களை வரிசைப்படுத்தி, தங்கள் பெயரையே தலைப்பாக வைத்துப் பகிர்ந்தார்கள். பட்டியல் நீண்டு, தலைப்புகள் பிரிந்து, தலைப்புக்குள் தலைப்பு வந்து, பெரிய கம்பெனியாகிவிட்டது. அப்புறம் தேடுபொறிகள் வந்தன. அந்தப் பட்டியலை 2014 இறுதியில் மூடினார்கள். இரண்டு பேரின் ருசியாக இருந்தவரை அதற்கு ஒரு முகம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

எல்லாம் இலவசம்தானா?

இதுவரை நான் சொன்னவை எல்லாம் இலவசமாகவே பார்க்கலாம்.

முகவரி கொடுக்கவில்லையே?

பெயரைத் தேடுபொறியில் தமிழிலேயே அடியுங்கள், வந்துவிடும். வராவிட்டால் வீட்டில் இருக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

பிடித்த தளம் ஒருநாள் காணாமல் போனால்?

போகும். ஜியோசிட்டீஸ் என்று இலவச இடம் கொடுத்த ஒரு சேவையை 2009ல் மூடினார்கள், அதோடு எத்தனையோ பேர் ஆசையாகக் கட்டிய பக்கங்கள் போயின. அதில் பழைய பாட்டுப் புத்தகங்களின் அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்த ஒரு பக்கம் எனக்குத் தினசரிப் பழக்கம். ‘வேபேக் மெஷின்’ என்று ஒன்று உண்டு. 1996லிருந்து இணையப் பக்கங்களைப் படம் பிடித்த மாதிரி சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேலை அது. அங்கே தேடினேன். எழுத்து கிடைத்தது, அட்டைப் படம் பாதிக்கு மேல் இல்லை. இப்போது ஒரு பக்கம் பிடித்துவிட்டால் அதன் முகவரியை நானே அங்கே கொடுத்துச் சேமிக்கச் சொல்லிவிடுகிறேன். அது போக ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். தளத்தின் பெயர், யார் சொன்னார்கள், எந்தத் தேதி. போனில் இருக்கிற புக்மார்க், போனை மாற்றும்போது ஏற்கெனவே இரண்டு தடவை தொலைந்திருக்கிறது.

யாருக்கும் சொல்லாத தளம் ஒன்று உண்டா?

உண்டு. லிசெஸ். சதுரங்கம் ஆடுகிற தளம், விளம்பரம் கிடையாது. அங்கே ஆடிய ஆட்டங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் சிக்கல். பத்து வயதுப் பிள்ளைகளிடமெல்லாம் தோற்றிருக்கிறேன். என் பெயரில் ஆடவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

உங்களுக்கு யாராவது சொல்லி, உங்களுக்குப் பிடித்துப்போன தளம்?

கப்பல் தளம். நோட்டில் அது கடைசி வரி.

என் பழைய மாணவன் ஒருவன் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். கிளம்புவதற்கு முன்னால் வந்து, “சார், இதை மட்டும் அம்மாவுக்குக் காட்டுங்கள்” என்று ‘மரைன் டிராஃபிக்’ தளத்தை என் போனில் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகின்றன. அதை வாங்கி வரைபடத்தில் காட்டும் தளம் அது. சரக்குக் கப்பல் பச்சை அம்பு, எண்ணெய்க் கப்பல் சிவப்பு. அவன் கப்பலின் பெயரைப் போட்டால் அவன் அம்பு வரும்.

அவன் அம்மா அடுத்த தெரு. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வருவார். திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் பச்சை அம்பைப் பார்ப்போம். கொழும்பைத் தாண்டுகிறவரை நன்றாகத் தெரிந்தது. கரையை விட்டு வெகுதூரம் போனதும் அம்பு நின்றுவிட்டது. கரையில் இருக்கிற கருவிகளுக்கு அந்த ரேடியோ எட்டாது. நடுக்கடலில் பார்க்கச் செயற்கைக்கோள் வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். இதை விளக்கிச் சொன்னேன். “சரிங்க சார்” என்றார். மறுநாளும் வந்தார். நின்ற இடத்திலேயே நிற்கிற அம்பைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாளும்.

ஒன்பதாம் நாள் நான் திறந்து பார்ப்பதற்குள் அவரே போனை வாங்கிக்கொண்டார். ஓமன் கரை ஓரமாக அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. “சாப்பிட்டிருப்பானா சார்?” என்று கேட்டார். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், இன்னும் ஆகியிருக்காது என்றேன். இந்தத் தடவை நேரக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.